மேட்டுக்காட்டுக்கு நான் விட்ட தண்ணீர்

கண்ணு,

நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "நல்லா இருக்கறனுங்கம்மா" என்பாய். காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் அதையேதான் சொல்வாய். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். இந்தத் தடவை அது நடக்கக் கூடாது. நான் சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்ல வேண்டும், நீ முழுசாகப் படிக்க வேண்டும். படித்த பிறகு இதை நித்யாவிடமும் கொடு. வைகாசியில் இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள், மாமியார் எப்பேர்ப்பட்ட ஆள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது. அவளுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய்? "இந்தக் காய அறுத்ததும் ஜேசிபிய உட்டு மேட்டுக்காட்டுக் கல்லுக்காலையெல்லாம் புடுங்கிப் போடலாமுங்கம்மா. பாக்கு வெச்சுக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால முடிச்சுட்டா ஒரு வேல ஓஞ்சுதுங்க." வருகிற வழியில் கத்தரிக்காய் வாங்கி வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். நானும் "சரி சாமி" என்று போனை வைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ சொல்றியா, நா சொல்லட்டுமா?" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷர் என்னை மிரட்டியது அந்த ஒருமுறைதான். ஆகவே நானே சொல்கிறேன். போன வருஷம் பங்குனியில், நீ தண்ணீரை நிறுத்தி வைத்திருந்த மேட்டுக்காட்டுத் திராட்சைக்கு, நீ ஊரில் இல்லாத மூன்று நாளும் தண்ணீர் விட்டது நான். உன் ஒயின் சப்பென்று போனதற்கு அந்தத் தூறலும் காரணமில்லை, நம் மண்ணும் காரணமில்லை. உன் அம்மாதான் காரணம்.

நமக்கு வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில் இருப்பது ஐந்து ஏக்கர். கீழே மூன்றரை ஏக்கர் சமம். மேலே காட்டை ஒட்டிச் சரிவாக ஏறுகிற ஒன்றரை ஏக்கரைத்தான் மேட்டுக்காடு என்கிறோம். எல்லாம் பன்னீர் திராட்சை. இந்தக் கொடியை எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் கம்பம் பக்கம் கொண்டுவந்து வைத்தாராம், அங்கிருந்து நம் பக்கம் வந்ததாம். பழ வியாபாரிகள் அப்படிச் சொல்வார்கள். நான் வாக்கப்பட்டு வந்தபோது இது சோளக்காடு. கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் கொடி ஏற்றியது நானும் உன் அப்பாவும். அதனால் கொடியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். முதல் வருஷம் உன் அப்பா கத்தரியை எடுத்துக் கவாத்துப் பண்ணியபோது, கொடியை மொட்டையடித்துவிட்டார் என்று நான் பத்து நாள் அவரோடு பேசவில்லை. பதினோராம் நாள் துளிர் வந்தது. அந்தப் போகத்தில் காய்த்த மாதிரி பிறகு எந்தப் போகத்திலும் காய்க்கவில்லை. கொடியிடம் கொஞ்சம் கறாராக இருந்தால்தான் அது கொடுக்கும் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துபோனது. வெட்டுவதை அப்புறம் நான் பொறுத்துக்கொண்டேன். வாட விடுவதை மட்டும் இன்று வரை பொறுத்துக்கொள்ளப் பழகவில்லை.

குன்னூர் டீச்சரம்மாவை நித்யாவுக்குத் தெரியாது. மலைமேல் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் கேக் ஒரு பக்கம், வீட்டில் போட்ட ஒயின் ஒரு பக்கம். அந்த வழக்கம் உள்ள குடும்பம் அவருடையது. வருஷா வருஷம் புரட்டாசியில் நேரில் வந்து நம்மிடம் இரண்டு கூடை பழம் எடுப்பார். முதல் வருஷம் கீழ்க்காட்டில் இருந்து நல்ல பருமனான கொத்தாகப் பார்த்து நானே அறுத்துக் கொடுத்தேன். ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு, "சாப்பிடறதுக்கு நல்ல பழம்தாம்மா. எனக்கு வேண்டாம். மேட்டுல பொடிசா, கறுப்பா இருக்கே, அதைக் குடுங்க" என்றார். அதை வியாபாரிகூட ஒதுக்கிவிடுவானே என்றேன். "தண்ணி குடிச்ச பழத்துல ஒயின் போட்டா சாயம் போன சேலை மாதிரி வரும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஆசையாக அறுத்த பழத்தை ஒரு அம்மாள் வேண்டாம் என்கிறாரே என்று அன்றைக்கு உன் அப்பாவிடம் புலம்பித் தள்ளினேன். ஆனால் அந்த வார்த்தை மறக்கவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் விட்டால் ஒயின் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் விட்டேன். "அம்மாவுக்கு என்ன தெரியும் பாவம்" என்று நீ என்னை மன்னிக்கப் பார்ப்பாய், அந்த வழியை இப்போதே அடைத்துவிடுகிறேன்.

நீ காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது அந்தக் கூடைகளை வேனில் ஏற்றிக்கொண்டு குன்னூர் போனாய். அவர் அதற்கு முந்தின வருஷம் போட்ட ஒயினில் ஒரு சின்ன டம்ளர் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து மூன்று நாள் அதே பேச்சு. நம் பந்தல் வாசம் அப்படியே அதில் இருக்கிறது என்றாய், பிறகு மரப்பட்டை வாசம் என்றாய், மழை பெய்த பாறை என்றாய். பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் நீ அந்த ஒயின் படிப்பையே படித்தாய். மகாராஷ்டிரத்தில் மலைமேல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் செய்கிற வேலைக்கும் போனாய். சொந்தக்காரர்கள் கேட்டால் நான் "ஜூஸ் கம்பெனியில இருக்கறானுங்க" என்று சொல்லி வந்தேன். ஒயின் என்றால் நம்மவர்களுக்குச் சாராயக் கடை வரிசைதான் கண்ணில் நிற்கும். பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயம். நிச்சயத்தின்போது உன் மாமனாரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் பம்பு, மோட்டார் செய்கிறவர், ஜூஸ் பிழிகிற மெஷினுக்கு என்ன குதிரைத்திறன் மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். உன் அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

போன வருஷம் நீ ஒரு மாச லீவில் வந்து நின்றதை நினைத்துப் பார். சமையல்கட்டில் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எல்லாரும் வெளிநாட்டுக் கொடிதானுங்க வெக்கறாங்க. நம்மூருப் பன்னீர்ல, மலையடிக் காட்டுல இருந்து ஒரு செவப்பு ஒயினு பண்ணிக் காட்டோணுமுங்கம்மா. டீச்சரம்மா ஊட்டுல ஜாடியில பண்ணுனத நா பீப்பாயில பண்ணிப் பாக்கறேன். மேட்டுக்காட்ட ஒரே ஒரு போகம் எனக்குக் குடுங்க" என்றாய். பழத்தை உன் கம்பெனிக்கே கொண்டுபோய்ப் பிழிய உன் முதலாளி சம்மதித்திருந்தார். நான் கொடுத்தேன். நீ மறுநாளே பாதிக் கொத்தைக் கிள்ளிக் கீழே போட்டாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு சொட்டுநீர்க் குழாயின் வால்வை மூடி, "மூணு வாரம் ஒரு சொட்டு உடக் கூடாதுங்க" என்றாய். நம் பக்கத்தில் அறுப்புக்கு முன்னால் ஒரு தண்ணீர் விடுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பழம் திரண்டு நிற்கும், எடை நிற்கும். நீ அதற்கு நேர் எதிராகச் சொன்னாய். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது பொய் இல்லை. அன்றைக்கு நிஜமாகவே விடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இரண்டு வாரம் தாங்கினேன். இலை ஓரம் மடிந்தது. உச்சி வெயிலில் கொடி தொங்கிப்போய் நின்றது. நான் அந்தப் பக்கமே போகாமல் கீழ்க்காட்டில் வேலை வைத்துக்கொண்டேன். நீ பழத்தைக் கொண்டுபோகக் குளிர்சாதன வண்டி பேசவும் அனுமதிக் காகிதம் வாங்கவும் கோயமுத்தூர் போய்ச் சித்தி வீட்டில் மூன்று நாள் தங்கினாயே, அந்த முதல் நாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னக்கா வேலியோரம் வந்து நின்றாள். "ஏனுங் அம்மணி, மேட்டுக்காடு இப்புடி வாடிக் கெடக்குது, போரு ஏதாச்சும் போயிருச்சுங்களா? வேணும்னா நம்ம தண்ணிய ரெண்டு மணி நேரம் திருப்பி உடறனுங்க" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்த ஊரில் ஒருவர் கிணறு வற்றிவிட்டது என்று பேச்சு வந்தால் அவரைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். நம் போர் எந்தக் கோடையிலும் நின்றதில்லை. என்னைப் பார்த்துத் தண்ணீர் கடன் கொடுக்கிறேன் என்கிறாள்! பையன் ஒயின் செய்கிறான், அதற்காக வாட விட்டிருக்கிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். நான்தான் ஊர் பூராவும் ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறேனே. "மோட்டாருல சின்ன ரிப்பேருக்கா, இன்னைக்கு ஓடிரும்" என்றேன். அவள் போனதும் போய் வால்வைத் திறந்தேன்.

ஒரு மணி நேரம் என்றுதான் திறந்தேன். சொட்டு விழுகிற சத்தம் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. சாயங்காலம் இலை நிமிர்ந்தது. மறுநாளும் விட்டேன், அதற்கு மறுநாளும் விட்டேன். கொடி தாகத்தில் நின்றது, நான் அதற்குத் தண்ணீர் கொடுத்தேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதி வீம்பு. பொன்னக்கா நாளைக்கு வந்து பார்க்கும்போது கொத்து தளதளவென்று நிற்க வேண்டும் என்ற வீம்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் வால்வை மூடினேன். உன் அப்பா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கே அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், அதற்குப் பயந்து சும்மா இருந்துவிட்டார். அந்தப் பங்கை அவர் தலையில் வைத்துக்கொள்ளட்டும். நீ வருகிற அன்று விடிகாலையில் ஒரு தூறல் விழுந்தது. மேல்மண் நனைந்திருந்ததைப் பார்த்து நீ மழை என்று எடுத்துக்கொண்டாய். பழத்தைப் பிழிந்து, அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து இனிப்பை அளந்தாய். போன வாரத்தைவிடக் குறைவாகக் காட்டியது. திரும்பத் திரும்பத் துடைத்து அளந்தாய். "போன வாரம் நாந்தான் தப்பா அளந்திருக்கறேன் போலிருக்குதுங்க" என்றாய். நான் அங்கேதான் நின்றேன், என் புடவை முந்தானையால்தான் அந்தக் குழாயைத் துடைத்தாய்.

கார்த்திகையில் நீ ஒரு பாட்டில் கொண்டுவந்தாய். சாப்பாட்டு மேஜையில் வைத்து நம் மூன்று பேருக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாய். நான் வாழ்க்கையில் முதல் தடவை வாயில் வைத்த ஒயின் என் மகன் செய்தது, அதில் எனக்குப் பெருமைதான், இப்போதும் பெருமைதான். மூக்கருகே கொண்டுபோனபோது பந்தலுக்கு அடியில் நிற்கிற வாசம் வந்தது. வாயில் ஒன்றுமே இல்லை. பன்னீர் கலந்த தண்ணீர் மாதிரி வெளிறிப்போய் இறங்கியது. உன் அப்பா என்னைப் பார்த்தார். உன் முதலாளி குடித்துப் பார்த்து இந்த இடத்துக்குச் சிவப்பு வராது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கொத்தைக் கிள்ளிப் போட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "வெசனப்படாதீங்கம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்க. நம்ம மண்ணு ஈரத்தப் புடிச்சு வெச்சுக்குதுங்க, அவ்வளவுதான். தெரிஞ்சுக்கிட்டமே, அதுவே போதுமுங்க" என்றாய். நான் கெடுத்தேன், நீ எனக்குத் தேறுதல் சொன்னாய். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கண்ணு, என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நீ வேலையை விட்டுவிட்டு வந்தாய், தையில் நிச்சயம் ஆனது, கல்யாணத்துக்கு முன்னமே வேலை பழகட்டும் என்று மாமனார் கூப்பிட்டார், நீயும் கோயமுத்தூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு பம்பு கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டாய். எல்லாம் சுமுகமாகத்தானே போகிறது, எதற்குக் கிளற வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பம்பு கம்பெனி ஒன்றும் குறைச்சல் இல்லை. நீ ஆசைப்பட்டுப் போயிருந்தால் நான் தேங்காய் உடைத்திருப்பேன். நீ தோற்றுவிட்டோம் என்று நினைத்துப் போயிருக்கிறாய். நீ தோற்கவே இல்லை என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு உன் கல்யாணத்தில் நான் பட்டுக் கட்டி நிற்க முடியாது.

இந்த இடத்தில் அம்மாவாக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், கேட்டுக்கொள். உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எது தப்பாகப் போனாலும் முதலில் உன்னையே சந்தேகப்படுவாய், அப்புறம் மண்ணை, மழையை. எதிரில் நிற்கிற ஆளை மட்டும் கேட்கவே மாட்டாய். ஒருத்தர் முகம் வாடினால் உடனே தேறுதல் சொல்ல ஓடாதே. என்ன நடந்தது என்று முதலில் கேள். அன்றைக்கு "ஏனுங்கம்மா, தண்ணி கிண்ணி உட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். நித்யாவும் என்றைக்காவது நீ சொன்னதற்கு மாறாக ஒன்றைச் செய்துவிட்டு உன் முன்னால் வந்து உட்காருவாள். குடும்பம் என்றால் அது நடக்கும். அவளைக் கேள், கோபம் வந்தால் கோபப்படு, பிறகு மன்னித்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரு போகம் தவறியதென்று கொடியைப் பிடுங்குகிற வழக்கம் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அது நீ எங்கே கற்றது என்று தெரியவில்லை.

நேற்று நித்யாவுக்குப் போன் பண்ணினேன். மாப்பிள்ளை இருந்தது ஜூஸ் கம்பெனி இல்லை, ஒயின் கம்பெனி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கிறாள். "தெரியுமுங்க அத்தே. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே அவரு சொல்லீட்டாருங்க. அப்பாவுக்கும் தெரியுமுங்க. நீங்க அத்தன ஆசையாச் சொல்றீங்களேன்னு அப்பா சும்மா மோட்டாரப் பத்திக் கேட்டாருங்க" என்கிறாள். ஆக இத்தனை பேரில் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தது நான் ஒருத்திதான். இந்தத் தண்ணீர் விஷயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவருக்கு மூணு வாரம் லீவு வேணுமுங்களா? அப்பாகிட்ட நா பேசிக்கறனுங்க" என்றாள். நல்ல பெண்ணாகப் பார்த்திருக்கிறோம்.

இப்போது மேட்டுக்காட்டில் காய் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை நிறுத்த வேண்டிய நேரம் இதுதான். ஜேசிபிக்காரர் வந்து பார்த்தார். அறுப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். உன் பழைய முதலாளியிடம் நீயே பேசு. "எங்கம்மா எனக்குத் தெரியாமத் தண்ணி உட்டுட்டாங்க, இன்னொருக்காப் பாக்கோணும்" என்று என்னைச் சொல்லியே கேள், எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. பொன்னக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவள் மூன்று வீட்டுக்குச் சொல்லியிருப்பாள். பிழிந்து பார்த்து அப்போதும் சப்பென்று வந்தால் ஜேசிபியை நானே கூப்பிடுகிறேன். பாக்கு வை, மாமனாரோடு மோட்டார் விற்று நன்றாக இரு. நன்றாக வந்தால் என்ன செய்வது என்று நீயும் நித்யாவும் உட்கார்ந்து பேசுங்கள். அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. இந்த மூன்று வாரமும் நான் தோட்டத்தில் இருக்கக் கூடாது. என்னை எனக்குத் தெரியும். இலை மடிந்தால் என் கை வால்வுக்குத்தான் போகும், சத்தியம் பண்ணினாலும் போகும். உன் அப்பா நின்று வேடிக்கைதான் பார்ப்பார். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளைத் தவிர, இந்தத் தோட்டத்தை விட்டு ஒரு ராத்திரிக்கு மேல் நான் வெளியே தங்கியதில்லை. உனக்கே தெரியும், கொடுமுடிக்குப் போனால்கூடச் சாமி கும்பிட்ட கையோடு திரும்பிவிடுவேன். இப்போது வருகிறேன். ஆர்.எஸ்.புரத்தில் சித்தி வீட்டு மாடியில் உன் அறை இருக்கிறதே, அங்கே நான் இருந்துகொள்கிறேன். சம்பந்தியம்மாவோடு முகூர்த்தப் பட்டு எடுக்கிற வேலையும் கிடக்கிறது. அறுப்பு முடிந்தது என்று நீ சொல்கிற வரை ஊர்ப் பக்கம் திரும்ப மாட்டேன். கொடி எப்படி இருக்கிறது என்று போனில் நான் கேட்டாலும் நீ சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் காந்திபுரம் வந்துவிடுவேன். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சித்தி வருவாள். நீ உன் பையை எடுத்துக்கொண்டு வந்து நில். நான் வருகிற பஸ் அங்கே பத்து நிமிஷம்தான் நிற்கும், உடனே நம் ஊருக்கே திரும்பிவிடும். நான் இறங்கியதும் நீ ஏறு.

உன் அம்மா